மூவரும் வழிவிட்ட ஆல்பம்

ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பல் செய்வது அவர் வேலை. ஊரில் பலர் வாய்நிறையச் சிரிப்பது அவர் தயவில். அவர் மட்டும் தனக்கென்று ஒன்றை வாய்திறந்து கேட்டதில்லை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எதிராளி வற்புறுத்தக் காத்திருப்பார். எதிராளிகள் பெரும்பாலும் நம்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஆல்பம் போடக் கிளம்பினார். இவர் பியானோ, மனைவியின் தம்பி கிட்டார், லிஃப்ட் பழுதுபார்க்கும் நண்பர் எலக்ட்ரானிக்ஸ்; அவருக்குப் பட்டப்பெயர் 'வயர்'. ஆம்பியன்ட் இசை. அதாவது, ஏதாவது ஒலிக்கிறதா இல்லையா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வந்தால் வெற்றி. அவரவர் வீட்டில் பதிவு செய்து, மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டியது.

பியானோவோ சாப்பாட்டு மேசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. மனைவி ஒரு நாள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஆல்பம் வரட்டும். அதுல உங்க பியானோ என் காதுல விழுந்தா இது இங்கயே இருக்கட்டும். விழலைன்னா அக்கா வீட்டுக்குப் போகுது. அவ பொண்ணு கத்துக்கறா."

"விழாம எங்க போகும்?" என்றார் அவர், பெரிய வித்வான் போல.

முதல் பதிவை அனுப்பியதுமே அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பட்டம் அடிப்பதாக நினைத்துவிட்டால்? உடனே செய்தி அனுப்பினார்: 'இடது கை கொஞ்சம் ஓவரோ? எடுத்துடலாமா?'

'வேண்டாம், அருமையா இருக்கு' என்று பதில் வரும் என்பது கணக்கு. மைத்துனன் எழுதினான்: 'உங்க இஷ்டம் அத்தான். நானும் என்னோடதப் பாதியாக் குறைச்சுட்டேன், உங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுல்ல.' அவனும் 'குறைக்காதீங்க' என்ற சொல்லுக்காகத் தவம் கிடந்தவன்தான். வயர் தன் பங்குக்கு, 'என்னால உங்க ரெண்டு பேருக்கும் தொந்தரவு வேண்டாம்' என்று தன் எலக்ட்ரானிக் பெட்டிகளில் பலவற்றை அணைத்தார்.

அதன்பின் பணிவில் போட்டி சூடுபிடித்தது. இவர் வலது கையையும் அடக்கினார். மைத்துனன் கம்பியைத் தொடுவதை விட்டுவிட்டு அதன் மேல் மூச்சு விட்டான். கடைசியில் மிஞ்சிய ஒற்றைச் சுரத்தைக் காட்டி, 'இதுவும் தேவையா?' என்று இவர் கேட்டார். வயர் கட்டைவிரலை உயர்த்தும் படம் அனுப்பி, அதையும் எடுத்துவிட்டு, ஆல்பத்தை வெளியிட்டார்.

மனைவி நியாயமானவள். சோபாவில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. கண்ணச் சொக்குது. ஆனா உங்களக் காணோமே?"

"இந்த ரீங்காரம் இருக்கு பாரு, அதுக்குப் பின்னால..."

"அது நம்ம ஃபிரிட்ஜ். இந்த மாடல் அப்படித்தான் முனகும்."

இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் 'அபாரமான அடக்கம்' என்று பாராட்டியிருந்தார். அதை அவர் மனைவியிடம் காட்டினார். அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

பியானோவைத் தூக்க ஆட்கள் வரவேண்டிய காலை, இனி யார் என்ன நினைத்தால் என்ன என்று அவர் பியானோ முன் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வந்த ஆட்கள் கயிறும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இதை ஏன் ஆல்பத்துல வாசிக்கல?" என்றாள்.

"அவங்க தப்பா எடுத்துக்குவாங்கன்னு..."

அவள் பியானோவின் மேல் கைவைத்தாள்.

"இப்பவாவது வாய்திறந்து கேளுங்க. இது இங்க இருக்கணுமா, வேண்டாமா?"

'இருக்கணும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஆட்கள் மாடியேறி வந்து கயிறோடு நிற்கிறார்கள். அங்கே அக்கா பெண் காத்திருப்பாள்.

"உனக்கு எது வசதியோ..." என்றார்.

"சரி," என்று அவள் ஆட்களின் பக்கம் திரும்பினாள். "தூக்குங்க. வாசல்ல பார்த்து, இடிக்காம."