உப்பில் போட்ட வில்லன்

செத்துப்போன வில்லனை உப்புத் தண்ணீரில் முக்கி உயிரோடு எழுப்பியவன் நான்தான் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். மீனை உப்பில் போட்டால் கெடாது என்று தெரிந்த மரக்காணத்துப் பையன், ஆளைப் போட்டாலும் அப்படித்தான் என்று நினைத்ததில் என்ன தப்பு?

அப்போதெல்லாம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கும் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சினிமாக் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படம்தான் வரும். இங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிளில் கட்டி அங்கே கொண்டுபோவது சித்தப்பாவின் வேலை. இரண்டாம் பாதிப் பெட்டி அங்கே இடைவேளைக்குள் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இன்னொரு தடவை ஏதாவது கோளாறு என்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார்.

அன்று பகல் ஆட்டம். வில்லன் வெட்டுப்பட்டுச் சாய்ந்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் நான் சைக்கிளின் முன்கம்பியில் ஏறினேன். பாதி வழியில், உப்பள ஆட்கள் ஒதுங்கும் ஓலைக் கொட்டாய் அருகே, வழக்கம்போல் சித்தப்பாவுக்குத் தாகம் எடுத்தது.

“டேய், பெட்டியப் பாத்துக்கோ. ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

ஒரு சொம்பு குடிக்க அவருக்குக் கால் மணி நேரமாகும். நான் சும்மா இருந்திருக்கலாம். சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள், நான், பெட்டி எல்லோரும் பக்கத்து உப்புப் பாத்திக்குள் விழுந்தோம். பெட்டி திறந்து ரீல் டப்பாக்கள் உப்புத் தண்ணீரில் உருண்டன. உள்ளே கதாநாயகிக்கு நீச்சல் தெரியுமா என்று எனக்கு உதறல். ஒவ்வொரு டப்பாவாகக் காதில் வைத்துக் கேட்டேன். முனகல் இல்லை. சட்டையைக் கழற்றி எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

சித்தப்பா சிரித்த முகத்தோடு வந்தார்.

“பெட்டி ஏண்டா ஈரமா இருக்குது?”

“வேர்க்குது சித்தப்பா.”

“ஆமாமா, வெயில் அப்பிடி,” என்றார். அவர் இருந்த மயக்கத்தில் பெட்டி தும்மியது என்றாலும் நம்பியிருப்பார்.

கொட்டகையில் இடைவேளை முடிந்து விசில் பறந்துகொண்டிருந்தது. அவசரமாகப் படம் ஓடியது. வில்லன் செத்தான். அடுத்த ரீலில் மாலையும் கழுத்துமாக மணமேடையில் உட்கார்ந்திருந்தான்.

“யோவ், பொணம் தாலி கட்டுதுய்யா!”

பெஞ்சுகள் கவிழ்ந்தன. உப்பு வேலை செய்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடியே, எழுந்தவன் என்னைத் தேடி வந்தால் என்ன செய்வது என்று கால்சட்டை நனைந்தது. படம் ஓட்டும் ஆபரேட்டர் தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

“ஏம்பா, டப்பாவுல ஒரு நம்பர் கூட இல்ல! வழியில யார் கையில குடுத்த?”

சித்தப்பா நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தார். பிறகு ஆபரேட்டரைப் பார்த்தார்.

“யார்கிட்டயும் குடுக்கலீங்க. எங்கயும் நிக்கல. நான்தாங்க மாத்தி வெச்சிட்டேன்.”

அன்றே வேலை போயிற்று. எனக்காகப் பழியை ஏற்ற தியாகி என்று வெகுநாள் அவருக்கு என் பங்கு முறுக்கையெல்லாம் கொடுத்தேன். அவரும் வாங்கித் தின்றார்.

நடந்தது இவ்வளவுதான். மூடிகளில் சாக்பீஸால் எழுதியிருந்த ரீல் வரிசை எண்களை உப்போடு சேர்த்து நான் துடைத்துவிட்டேன். சைக்கிள் எங்கே நின்றது என்பதைச் சித்தப்பா சொல்ல முடியாது. அந்த உப்பளக் கொட்டாயில் அவருக்குச் சொம்பு நீட்டியது அந்த ஆபரேட்டரின் மகள். இப்போது அவர் என் சித்தி.