மதியத்துக்குப் பிறகு ஒரு சொட்டு

ரன்மெனிகே முப்பது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்தவள். எங்கோ ஒரு தையல் விட்டுப்போயிருக்கும் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு சட்டையையும் கையில் எடுப்பாள். ஓய்வுக்குப் பிறகு, போயா எனும் பௌர்ணமி நாட்களில் கேகாலைப் பக்கத்து விகாரையில் சில் விரதம் எடுக்கும் பெண்களைக் கவனிக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அதே கண்தான், சட்டைக்குப் பதில் மனிதர்கள்.

எட்டுச் சீலம் எடுத்து வெள்ளை உடுத்தியவர்கள், ரன்மெனிகே உட்பட, மதியத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. பிளேன்டீயும் கருப்பட்டியும் ஆகும். பால் ஆகாது, அது உணவு. போன போயாவில் குசுமா ஒரு பிஸ்கட் மென்றதற்கு ரன்மெனிகே போட்ட சத்தத்தில், அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பொறுமையா சொல்ல முடியலன்னா, பொறுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுறேன்" என்றார் விகாரையின் தலைமைப் பிக்கு, பெரிய ஹாமுதுரு.

புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் இத்தாலியில். அந்தப் பொறுப்பையும் எடுத்துவிட்டால் அவளுக்கு மாதம் நகராது.

இந்தப் போயாவில் சந்தேகம் ஹேமசீலி மேல். சுடுதண்ணிப் போத்தலை அவள் மடியை விட்டு இறக்கவில்லை. ஒரு மடக்குக் குடிப்பாள், உடனே வாயைத் துடைப்பாள். அப்படி என்ன ஒட்டுகிறது?

"போத்தல்ல என்ன தங்கச்சி?"

"கொத்தமல்லி, அக்கா. தொண்டை கட்டிருச்சு."

"காலையில பூசையில ஊரே கேக்கப் பாடினியே, அப்ப கட்டலயா?"

"பாடித்தான் கட்டுச்சு."

ரன்மெனிகே பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். இரண்டு மணிப் பிரசங்கத்தில் ஒரு வரிகூட அவள் காதில் ஏறவில்லை.

ஹேமசீலி அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது போத்தல் பாயிலேயே இருந்தது. ரன்மெனிகே மூடியைத் திறந்து மோந்தாள். பால்மா வாடை. ஆனால் எந்த வீட்டுப் போத்தலில்தான் பால்மா வாடை இல்லை? உள்ளங்கையில் ஒரு சொட்டு சாய்த்தாள். மண்டப இருட்டில் நிறம் பிடிபடவில்லை. யோசிப்பதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

பால்தான். விழுங்கியும் விட்டாள்.

"அக்காவுக்குப் பசியோ?" பின்னால் ஹேமசீலி.

கத்தத்தான் வாயெடுத்தாள். நாக்கில் பால் இனித்தது. குரல் இறங்கிவிட்டது.

"ஏன் தங்கச்சி பொய் சொன்ன?"

"வயித்துப் புண்ணு. குளிசையைப் பாலோடதான் போடணும். சொல்லியிருந்தா குசுமாவை ஏசின மாதிரி எல்லாரும் பாக்க ஏசியிருப்பீங்க." ஹேமசீலி குனிந்து கிசுகிசுத்தாள். "நீங்க குடிச்சதை நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டாளா? ரன்மெனிகேக்கு நம்பிக்கை வரவில்லை. ஒளித்தால், இனி ஒவ்வொரு போயாவிலும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எழும்பு. எட்டைத் திருப்பிக் குடுத்துட்டு ஹாமுதுருகிட்ட அஞ்சு சீலம் எடுத்துக்க, அதுல பாலுக்குத் தடையில்ல. அப்புறம் எல்லார் முன்னாலயும் குடி."

"சிரிப்பாங்களே, அக்கா."

"நானும்தானே வாறேன்."

ஹாமுதுருவின் அறைக்குள் முதலில் மண்டியிட்டது ரன்மெனிகே. "அடுத்தவ போத்தலைக் கேக்காம தொறந்தேன், ஹாமுதுருவனே. பாலையும் குடிச்சேன். பொறுப்பை யாருக்குக் குடுத்தாலும் சரி."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கத்தினீங்களா?"

"இல்ல."

"அப்ப அடுத்த போயாவுக்கும் நீங்களே வாங்க, உபாசிகாம்மா."

கேலி பண்ணுகிறாரோ என்று ரன்மெனிகே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.