மேசுக்குள் இருந்த அடையாள அட்டை

அன்று நான் செய்தது கோழைத்தனமா, புத்திசாலித்தனமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பில் படித்தபோது நான் பாடசாலை வலைப்பந்து அணியில் இருந்தேன். எங்கள் அணியில் கோல் போடுபவள் மலையகத்துப் பிள்ளை; கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவளுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை. வத்தளையில் போட்டி. வழியில் சோதனைச் சாவடி; அட்டை இல்லாமல் தாண்டமுடியாத சண்டைக் காலம்.

"அவவைக் கூட்டிக்கொண்டு போகேலாது," என்றார் மிஸ்.

அணித் தலைவி வெறும் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள். "எல்லாரும் அட்டையைப் போடுங்கோடி. மிஸ், இப்ப எங்களிட்டயும் இல்லை. ஆரை விட்டிட்டுப் போவீங்கள்?"

மிஸ் பெருமூச்சுவிட்டு, பெட்டியை அலுமாரியில் பூட்டிவிட்டு, ஏழு பேரையும் வான் வண்டியில் ஏற்றினார்.

அட்டை இல்லாமல் படி இறங்கமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். பெட்டிக்குள் நான் போட்டது நூலக அட்டை. உண்மையானது என் மேசுக்குள், அதுதான் காலுறைக்குள், உறுத்திக்கொண்டிருந்தது.

சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் சப்பாத்தையும் கழற்றச் சொன்னார். என்னுடையது விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று!

முதலில் சிரித்தவள் மலையகத் தோழிதான். "அடிப்பாவிகளா! எனக்காக விட்டுட்டு வந்தோம்னு சொன்னீங்களே!"

"மேசுக்குள்ள வைச்ச அட்டையை ஆரடி தொடுவினம்?" என்று தலைவி மூக்கைப் பொத்தினாள். அவளும் தோழியும் மட்டுமே உண்மையாக அட்டையில்லாமல் வந்தவர்கள்.

அந்த இருவரும் திரும்பிப் போகவேண்டும் என்றார் பொலிஸ். என் கை தானாக நீண்டது. தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "அக்கே, இதை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை விடுங்கள். ஏழு பேரும் திரும்பி வருவோம்."

மற்ற நால்வரும் தங்கள் அட்டைகளை நீட்டினார்கள். ஈரமான ஐந்து அட்டைகளையும் விரல்நுனியால் வாங்கிய அவர் சிரித்துவிட்டு, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சொன்னார்: "ஐந்து மணிக்குள் வா, நங்கி. எத்தனை கோல் என்றும் சொல்லவேண்டும்."

இரண்டு கோலால் தோற்றோம். திரும்பும்போது சாவடியில் வான் நிற்குமுன்பே ஏழு பேரும் அதைக் கத்திச் சொன்னோம், வென்றவர்கள் போல.

நான் ஒளித்திருக்காவிட்டால் பணயம் வைக்க என்ன இருந்திருக்கும்? ஆனால் ஒளித்தது அதற்காக அல்லவே.

நாட்டில் சண்டை இன்னும் முடியவில்லை. வீட்டை விட்டு இறங்குமுன் கைப்பையை மூன்று தரம் திறந்து பார்க்கிறேன். அன்று எடுத்த அணிப் படத்தைக் காட்டி, "அம்மா, ஏன் எல்லாரும் இப்பிடிச் சிரிக்கிறீங்கள்?" என்று என் ஐந்து வயது மகள் கேட்கிறாள். அட்டையை நீட்டியதை மட்டும் சொல்லவா, மேசுக்குள் ஒளித்ததையும் சேர்த்துச் சொல்லவா? பிள்ளை வளர்த்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.