பட்டியலில் இல்லாத ஒட்டு

1973 ஐப்பசி. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்திருந்தேன்.

வெளிநாட்டுக் காரை முழுதாக இறக்கினால் சுங்கத் தீர்வை, அனுமதி எல்லாம் பெரும்பாடு. அதனால் எங்கள் முதலாளிக்கு வரும் கார்களை அந்த நாட்டிலேயே நடுவில் இரண்டாக அறுத்து, ‘பழைய உதிரிபாகங்கள்’ என்று கப்பலேற்றிவிடுவார்கள். முன்பாதி, பின்பாதி, இன்ஜின், நான்கு கதவு, இன்னும் சில்லறைப் பாகங்கள். இங்கே ஒட்டவைத்து, உடைத்துப்போட்ட ஒரு காரின் நம்பரை மாட்டுவோம். தப்பு என்று தெரியும். ஊரில் நடப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

வண்டி பெயிண்டுக்குப் போகுமுன், கப்பல் பட்டியலை வைத்துக்கொண்டு பாகங்களைச் சோதித்து, டிக் அடித்துக் கையெழுத்திடுவது என் வேலை.

ஒரு நீல நிறக் கார் பெயிண்டுக்குக் காத்திருந்த காலையில், வெல்டர் அண்ணன் வந்தார்.

“ஏம்மா, அடியில கீற ஜாயிண்ட்ட ஒருதபா பாத்துடு. அவசரத்துல அடிச்சது. பெயிண்ட் ஏறிச்சின்னா ஒண்ணியும் தெரியாது.”

பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். “ஜாயிண்ட்னு லிஸ்ட்ல எதுவும் இல்லையே அண்ணா?”

“வெட்டுனதையே சொல்லாதவன் ஒட்டுனத எங்க எழுதுவான்? நல்லா படிச்சே போ!” என்று சிரித்தார்.

ஒட்டின் ஒருபக்கம் சுண்ணாம்புப் பொடி பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவினால் போதும். விரிசல் இருந்தால் பொடி நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி வேலை. ஆனால் முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்தினார். ஒட்டைச் சோதிக்காமலே, பட்டியலில் இருந்த அறுபத்து நான்கு பாகங்களுக்கும் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது வாரம், வண்டலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அந்தக் கார் ஒட்டிய இடத்திலேயே பிளந்தது. ஓட்டிப்போன டிரைவருக்கு இரண்டு கால்களையும் எடுக்கவேண்டியதாயிற்று. முதலாளி ஊரிலேயே இல்லை. வெல்டர் அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வராந்தாவில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். “நல்லா செக் பண்ண வண்டின்னு சொல்லிகினுதான் போனாரு. யாரு பாத்தாங்களாம்?” என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன்தான் பேசினார். “ஒட்டுனது நான்தாம்மா.”

அவள் அவரை ஏசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கும் உரியது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிலும் நிதானம் தவறாதவள் என்று என்னை இன்றும் யாராவது பாராட்டினால், அன்று நான் காத்தது நிதானமல்ல, வெறும் மௌனம் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.