ஹூக் தைக்கும் பள்ளிக்கூடம்

கிள்ளானில் ரவிக்கை தைக்கும் குமுதா, ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தீபாவளி ஆர்டருக்கு ஹூக் தைக்க உட்கார வைத்துவிட்டாளாம். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின் நடுவே அமுதவள்ளி அக்கா இதைச் சொன்னார். ரசம் வருவதற்குள் ஒரு பிள்ளை மூன்று பிள்ளைகளாகியிருந்தது. மறுநாள் செமினியிலிருந்து என் மைத்துனர் போன் செய்தபோது, குமுதா வீட்டில் ஒரு தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருந்தது.

வதந்தியைச் சரிபார்ப்பது என் பழக்கமில்லை. நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். இருந்தாலும் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன்.

கடைவீட்டின் இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருந்தது. தரையில் பாய். பாயில் ஒரு சிறுமி. மடியில் துணிப்பட்டை, பக்கத்தில் பிஸ்கட் டின் நிறைய ஹூக்குகள்.

"என்னம்மா பண்ற?"

"ஹூக் தைக்கிறேன் அங்கிள்."

பேனாவைத் திறந்தேன். தையல் மிஷினை நிறுத்தாமலே குமுதா சொன்னாள்: "அண்ணே, போலீஸுக்குப் போறதுக்கு முன்னால தண்ணி குடிச்சிட்டுப் போங்க லா. இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு."

தண்ணீர் குடித்தேன். கதையும் கிடைத்தது.

மலர்விழியின் நோட்டுகளில் இரண்டு வருடமாக ஒரே சிவப்பு வார்த்தை: கவனக்குறைவு. காலையில் பள்ளி பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளை வாந்தி எடுக்கும். ஷா ஆலமில் ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, இது டிஸ்லெக்சியா, பிள்ளை கெட்டிக்காரி, எழுத்தையும் ஓசையையும் சேர்த்துப் பிடிக்கத்தான் வேறு வழியில் சொல்லித்தர வேண்டும் என்றார். குமுதா வீட்டிலேயே சொல்லித்தர முடிவு செய்தாள். படிவம், அறிக்கை, நகல், நகலின் நகல் எல்லாம் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பாமலிருக்க விதிவிலக்குக் கடிதமும் வாங்கிவிட்டாள்.

வாங்க முடியாதது கணவன் குகனின் சம்மதம். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். "எனக்கும்தான் படிப்பு ஏறல. லோரி ஓட்டலையா?" என்றவர், கடைசியில் ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குள் மகள் ஒரு முழுப் பக்கம் தானாகப் படிக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பள்ளி ஆண்டில் மறுபடியும் அதே பஸ், அதே ஹாரன்.

பயத்தில் குமுதா ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூடத்தை அப்படியே தூக்கி ஹாலில் வைத்தாள். காலை ஏழரைக்குச் சீருடை. ஐஸ்பெட்டியைப் பார்த்து நின்று தேசிய கீதம். பூசை மணிதான் பள்ளி மணி. பத்து மணிக்குக் கேன்டீன், அதாவது அடுப்படி. மூன்று மொழிக்கும் பதினோரு பயிற்சிப் புத்தகங்கள். இவ்வளவும் முடிந்தபின் வீட்டுப்பாடம். "உங்கள் மகள் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள்" என்று குகனுக்கு வாட்ஸ்அப்பில் புகார்கூட அனுப்பினாள். போர்ட் கிள்ளானில் லோரியை ஓரங்கட்டி அதைப் படித்த குகன், "டீச்சரை மாத்து" என்று பதில் போட்டார்.

ஒன்பதாம் நாள், பூசை மணி அடித்ததும் மலர்விழி வாந்தி எடுத்தாள்.

"அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு அண்ணே. பஸ்ஸு மட்டும்தான் வரல. மத்த எல்லாத்தையும் நானே கூட்டிட்டு வந்துட்டேன்."

மணி சாமி மேடைக்குத் திரும்பியது. இரண்டு வாரம் பாடமே இல்லை. பிள்ளை சும்மா தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒருநாள் அவசரத்தில் குமுதா, ஒரு ரவிக்கையின் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

"அம்மா, நீங்களும் மாத்திட்டீங்க!" என்று மகள் கைதட்டிச் சிரித்தாள்.

குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. கை மாறாமல் இருக்கத் தையல்காரர்கள் துணியின் முன்பக்கம் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். வெல்வெட்டில் எழுத்துகளை வெட்டினாள். மகள் மாற்றி மாற்றி எழுதும் எழுத்துகளுக்கு முன்பக்கம் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. தடவு, சொல், எழுது. இருபது நிமிடம், பிறகு விளையாட்டு.

ஹூக்குகள் பிறகு வந்தன. ஒரு சொல்லுக்கு ஒரு துணிப்பட்டை, ஒரு ஓசைக்கு ஒரு ஹூக். மலாயில் சட்டைக்கு 'பாஜு'; ப், ஆ, ஜ், உ என்று நாலு. ஒவ்வொன்றையும் தைக்கும்போது ஓசையைச் சொல்ல வேண்டும். தைத்து முடித்ததும் விரலால் ஒரே இழுப்பு இழுத்தால் முழுச் சொல். அப்படி இருநூறு பட்டைகள் கொடியில் தொங்கின. ஒன்றுகூட எந்த வாடிக்கையாளர் ரவிக்கைக்கும் போகவில்லை.

"முதல்ல மலாய். எழுதியிருக்கிற மாதிரியே படிச்சிடலாம். ஜூன் மாசம் தமிழ் வந்துச்சு. இங்கிலீஷ் இன்னும் வாசல்ல நிக்குது, உக்காரச் சொல்லல."

தமிழ் ஏன் இரண்டாவது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மலர்விழி என்னை ரவிக்கை போட்டுப் பார்க்கும் கண்ணாடி முன் நிறுத்தி, இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள். "தாளைப் பாக்கக்கூடாது. கண்ணாடியைப் பாத்து உங்க பேரை எழுதுங்க."

முதல் எழுத்தே ஊறுகாய் ஜாடிபோல வந்தது.

"கவனக்குறைவு" என்றாள், ஒரு ஆசிரியையைப் போல மூக்கால் பேசி. "பத்து தடவ எழுதுங்க."

ஆறு தடவை எழுதினேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லித் தப்பித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தீபாவளி. அவர்கள் வீட்டுத் திறந்த இல்ல விருந்துக்குப் போனேன். கையில் முறுக்குத் தட்டோடு குகன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நேத்துக் காலையில படிக்கச் சொன்னேன் பாஸ். புத்தகமெல்லாம் அது மனப்பாடம் பண்ணியிருக்கும்னு சந்தேகம். லோரி கையேட்டை எடுத்து ஒரு பக்கத்தை நீட்டினேன். டயர் மாத்துறது எப்படின்னு, மலாய்ல."

"படிச்சாளா?"

"பதினோரு நிமிசம். ரெண்டு எடத்துல நின்னுச்சு. ஒவ்வொரு ஓசையா தொடையில விரலால தட்டித் தட்டி ஏறிடுச்சு. முடிச்சிட்டு என்னைப் பாத்து, 'அப்பா, முதல்ல சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கணும்னு போட்டிருக்கே, நீங்க கொடுக்கிறதே இல்லையே'ன்னு கேக்குது. இருபது வருசமா நான் அந்தப் பக்கத்தைப் பிரிச்சதே இல்ல!"

"அப்போ பள்ளிக்கூடம்?"

"வீட்டுலயே இருக்கட்டும். இனிமே முட்டுக் கொடுத்துத்தான் டயர் கழட்டணும். அதான் ரோதனை." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏ குமுதா, மணிய மட்டும் சாமிக்கு அடி!"

"நீங்க முதல்ல டயரைப் பாருங்க!" என்று பதில் வந்தது.

இந்த உண்மையை அமுதவள்ளி அக்காவிடம் முழுதாகச் சொன்னேன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் புதுச் செய்தி: அந்தப் பிள்ளையை லோரிக்கு டயர் மாற்ற விட்டிருக்கிறார்களாம். இதைச் சரிபார்க்க நான் போவதாக இல்லை.

போனால் மாட்டிக்கொள்வேன். தீபாவளியன்று கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னுக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. கோணல்மாணலாக, அழுத்தி, அம்மாவின் உதவி இல்லாமல் தமிழில் எழுதியது: "அங்கிள், இன்னும் நாலு பாக்கி."

பென்சிலை இடது கையில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். நாலு நாலாகவே இருக்கிறது.