இடது கிளியர், வலது கிளியர்: ஷார்ஜாவில் மூன்று நாள் வாடகைக் கார்

போன நவம்பரில் நானும் என் கணவரும் ஷார்ஜா போய், மூன்று நாட்களுக்குக் கார் வாடகைக்கு எடுத்து, நாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றிவிட்டு வந்தோம். 'நாங்களே' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஓட்டியது நான்.

திட்டம் அப்படி இல்லை. இவர் ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் டெஸ்ட் டிராக்கில் வண்டி ஓட்டியவர். வெளிநாட்டுச் சாலை ஒன்றில் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும் என்பது இவருடைய பல வருட ஆசை. ஜூன் மாதம் இருவருமே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினோம். பாஸ்போர்ட், உரிமம், மருத்துவச் சான்று, ஆளுக்கு ஆயிரம் ரூபாய். ஒரு வருடம் செல்லும். எனக்கு எதற்கு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றார்.

ஆகஸ்டில் பெங்களூரு கண் மருத்துவமனையில் சொன்னார்கள், கண் அழுத்தத்தால் இவருக்குப் பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது என்று. நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும். தூரத்துப் பலகையை என்னைவிட முன்னால் படிப்பார். ஓரங்கள்தான் இல்லை. இல்லை என்பதே இவருக்குத் தெரிவதில்லை, அதுதான் இந்த நோயின் குணமாம். இனி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். கம்பெனியில் டிராக்கிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். அன்று மாலை எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள் நுழையும்போது இவர் சொன்னார்: "டாக்டர் சொன்னது கர்நாடகாவுல. பார்டர் தாண்டிட்டா செல்லாது, கௌசி." சிரித்தார். நானும் சிரித்தேன். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று, பணம் திரும்பாது. அதனால் கிளம்பினோம். ஓசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் எண்பது கிலோமீட்டர். டாக்ஸி 2,400 ரூபாய், கர்நாடக பெர்மிட் தனி. காலை நேரமென்றால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் நான்கு மணி நேரம்தான்.

கார் ஒரு நாளைக்கு 115 திர்ஹம். இது போக ஆயிரம் திர்ஹம் முன்பணமாக கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். கார்டு ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும், கவனம். கவுன்டரில் இருந்த பெண் இரண்டாவது ஓட்டுநர் உண்டா, ஐம்பது திர்ஹம் கூடுதல் என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் பையிலிருந்து தன் அனுமதிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஜூனில் வாங்கியது. காகிதப்படி எந்தக் குறையும் இல்லை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பேசாமல் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பழக்கம் போல நான் இடது கதவுக்குப் போனேன், இவர் வலது கதவுக்கு. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். இருபது வருடம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பழக்கமே என்னை ஓட்டுநர் இருக்கையில் கொண்டுபோய் விட்டது. இவர் வலப் பக்கம் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். இண்டிகேட்டர் போடப் போய் நான் வைப்பரை ஓடவிட்டேன். மழை பெய்யாத ஊரில் மூன்று நாளும் என் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

இவருடைய டிராக்கில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி நகருமுன் இடப் பக்கம் இருப்பவர் வெளியே பார்த்து "இடது கிளியர்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், வலப் பக்கம் இருப்பவர் "வலது கிளியர்" என்று சொல்ல வேண்டும். இரண்டு குரலும் வராமல் வண்டி நகராது. அதையே இங்கேயும் செய்வோம் என்றார். எனக்கும் தைரியமாக இருந்தது.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு ரவுண்டானாவில் நின்றேன். நான் இடது கிளியர் என்றேன், இவர் வலது கிளியர் என்றார். வண்டியை எடுத்து வலப்புறம் ஒடித்தேன். வலப் பக்கத்தில், கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில், சாப்பாடு கொண்டுபோகும் பைக் ஒன்று. பிரேக்கை மிதித்தேன். பைக்கில் வந்தவர் என்னவோ திட்டிவிட்டுப் போனார். "என்னாச்சு?" என்றார் இவர். "ஒண்ணுமில்லீங்க, கியர்ல குழப்பம்" என்றேன். அது ஆட்டோமேட்டிக் வண்டி. அதன் பிறகு இவர் வலது கிளியர் சொன்னதும் நானும் ஒருமுறை வலப் பக்கம் பார்த்துக்கொண்டேன், இவருக்குத் தெரியாதபடி. பொய் சொல்வது போல இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கோர்ஃபக்கான் கிளம்பினோம். தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சாலை அவ்வளவு நன்றாக இருக்கிறது. வழியில் மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் வரும். கடற்கரையில் சாப்பிட்டுவிட்டு, ஃபுஜைரா போகும் சாலையில் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல வந்து, மலைப் பக்கம் திரும்பினேன். அங்கே நஹ்வா என்று ஒரு கிராமம், ஷார்ஜாவைச் சேர்ந்தது, போய்ப் பார்க்கலாம் என்று இவர் குறித்து வைத்திருந்தார். நடுவில் ஓமான் நாட்டுத் துண்டு ஒன்று வரும் என்று இருவருக்குமே தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் ஓமானுக்குள் காப்பீடு செல்லாது என்று போட்டிருப்பதும் தெரியும். செக்போஸ்ட் வந்தால் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். எல்லை என்றால் எங்களுக்குக் கவுன்டர், வரிசையில் லாரிகள், பெர்மிட் சீட்டு. ஓசூர் ஆட்களுக்கு அது இல்லாமல் எல்லையே கிடையாது.

எதுவும் வரவில்லை. போன் மட்டும் ஓமானுக்கு வரவேற்றது. சந்தேகத்தில் ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. நான் தமிழில் கேட்க, அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சேச்சி, நீங்க ஓமான்ல வந்து பத்து நிமிஷம் ஆச்சு. அந்த மலை தாண்டிப் போனா மறுபடி ஷார்ஜா." திரும்பிப் போனாலும் ஓமான், முன்னே போனாலும் ஓமான். முன்னே போனோம். வளைந்து வளைந்து எட்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

நஹ்வாவில் கொடி மாறியது. கொஞ்சம் வீடுகள், பேரீச்சைத் தோட்டம், நேராக ஒரு சாலை. வெயில். இவர் என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"இங்க இன்சூரன்ஸ் இருக்குது. ரோட்ல ஆளே இல்ல. ஒரே ஒரு கிலோமீட்டர் நான் ஓட்டிக்கறேன். அப்பறம் கேக்க மாட்டேன்."

"அப்பறம்னா?"

"எப்பவுமே."

மூன்று மாதமாக இவர் எதையும் கேட்டதில்லை. ஸ்டோர்ஸுக்குப் போ என்றதும் போனவர். நான் இறங்கினேன். சரியென்று நினைத்து இறங்கினேனா, மறுக்கத் தெரியாமல் இறங்கினேனா, சொல்ல முடியவில்லை. இருவரும் காரின் முன்னால் எதிரெதிராகக் கடந்து இடம் மாறினோம். இவர் இருக்கையைப் பின்னால் தள்ளினார், கண்ணாடிகளைச் சரிசெய்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் அமர்ந்ததும் இவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று இப்படிப் பார்த்து.

"இடது கிளியர்" என்றார்.

இடப் பக்கம், சாலையின் மறு ஓரத்தில், தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர் தோளில் சுருட்டிய ரப்பர் குழாயோடு, நாங்கள் போனதும் சாலையைக் கடக்கலாம் என்று நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது குரல் வராமல் வண்டி நகராது. இவர் காத்திருந்தார்.

"சொல்லு கௌசி."

"வலது கிளியர்" என்றேன். "இடதுல ஒருத்தர் நிக்கறாருங்க."

இவர் தலையை முழுசாகத் திருப்பினார். அந்த மனிதர் கையை உயர்த்தி சலாம் சொன்னார். இவரும் கையை உயர்த்தினார்.

"எவ்ளோ நேரமா?"

"நாம எறங்குனதுலருந்து."

கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நேத்து ரவுண்டானாவுல?" என்றார்.

"ஒரு பைக்கு."

"கியர்னு சொன்ன."

இவர் இன்ஜினை அணைத்தார். குழாய்க்காரர் எங்களைப் பார்த்தபடியே சாலையைக் கடந்து தோட்டத்துக்குள் போனார். இவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் இன்னும் சில நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். திரும்பி வரும் வழியில் வைப்பர் இரண்டு முறை ஓடியது. ஒவ்வொரு முறையும் "இண்டிகேட்டரு அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வேகக் கேமராக்கள் நிறைய, அபராதம் கார்டிலேயே பிடிப்பார்கள். முன்பணம் விடுபட எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. நஹ்வா போவதென்றால் வழியில் ஓமானுக்கும் செல்லும் காப்பீட்டை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், நாங்கள் செய்தது தவறு. இரண்டாவது ஓட்டுநருக்கு ஐம்பது திர்ஹம் கட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்களுக்கு அது வீண் செலவா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைக்கு ஒரு கல்யாணம். எங்கள் கார் வாசலில் நின்றது. மூன்று நாள் பழக்கத்தில் நான் இடது கதவுக்குப் போய்விட்டேன். இவர் வலது கதவருகே சாவியோடு நின்றார். இருவரும் காருக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவர் சாவியைக் காரின் கூரையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் பக்கம் வா."

நான் வலது கிளியர் சொன்னேன். இவர் தலையை மெதுவாக, முழுசாகத் திருப்பி, பின்னால் வரைக்கும் பார்த்துவிட்டு, இடது கிளியர் என்றார். நான் வண்டியை எடுக்காமல் இருந்தேன். இடப் பக்கம் பார்க்கலாமா, பார்த்தால் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை.

"நீயும் ஒரு தடவ பாத்துரு" என்றார்.

பார்த்தேன். யாரும் இல்லை. கிளம்பினோம்.