நான் செத்துக் காட்டிய நாடகம்

எங்கள் பெண்கள் பள்ளியில் சாவதற்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தொண்ணூறுகளில், ஒன்பதாம் வகுப்பில், போதை ஒழிப்பு நாடகத்துக்கு மிஸ் ஆள் எடுத்தபோது எல்லோரும் போதைக்காரன் வேஷத்துக்கே அடித்துக்கொண்டோம். பின்னே? டாக்டராக வந்தால் அறிவுரை சொல்ல வேண்டும். அதைத்தான் வருஷம் பூரா கேட்கிறோமே. நான் தரையில் விழுந்து, கைகால் இழுத்து, நாக்கைத் தள்ளிக் காட்டினேன். மிஸ் அசந்துபோய் வேஷத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

அம்மா வேஷம் என் பெஞ்சுத் தோழிக்கு. நீலசந்திரா ஏரியாவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் அவள் வீடு. அவளுடைய அண்ணன் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைக் கர்சீப்பில் ஊற்றி மோந்துகொண்டு திரிந்தான். பல ராத்திரி வீட்டுக்கே வரமாட்டான். அவன் சோறு தட்டில் மூடியபடியே கிடக்கும். தெருவுக்கே தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியாது. பள்ளிக்குப் பேச வந்தவர் காட்டிய படங்களிலும் ஊசியும் வெள்ளைப் பொடியும்தான். அதையெல்லாம் நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருந்தோம்.

நாடகத்துக்கு அண்ணனைக் கூட்டி வரப்போவதாகச் சொன்னாள். அதைப் பார்த்தாவது விட்டுவிட மாட்டானா என்று அவளுக்கு ஆசை. ஒத்திகையில் மிஸ்ஸிடம் கேட்டும்விட்டாள்.

"அவன் சாகாம திருந்திட்ட மாதிரி வச்சுக்கலாமா மிஸ்?"

"அப்புறம் யாருக்கும்மா பயம் வரும்?" என்றார் மிஸ். எனக்கோ அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. என் சாவையே பிடுங்கப் பார்க்கிறாளே!

ஆண்டு விழாவில் அமர்க்களமாகச் செத்தேன். முன்வரிசைக் குழந்தை ஒன்று அழவே ஆரம்பித்துவிட்டது. இனி அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், திரை விழும். ஆனால் சத்தத்தையே காணோம். வசனத்தை மறந்து தொலைத்தாளா என்று அரைக்கண்ணால் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம் நின்ற அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிடா. சோறு ஆறுது. வீட்டுக்கு வா."

மேடையோரத்திலிருந்து மிஸ், படுத்தே கிட என்று எனக்குக் கையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்த்தபின் எப்படிப் படுத்திருப்பது? எழுந்து உட்கார்ந்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதவோரம் நின்றவன் சிரிக்கவில்லை.

மிஸ் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் திருந்தினானா என்றால், அதற்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. ஆனால் மறுநாள் காலை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அவள் என் காதில் சொன்னாள்.

"நேத்து அவன் சோறு மிஞ்சலடி."